விரிதாளிலிருந்து தரவுத்தளத்துக்கு: தொடர் இறக்குமதியின் வரலாறு

விரிதாளில் உள்ள தரவை மேசைக்கணினித் தரவுத்தளம் ஒன்றுக்குள் நாள்தோறும், வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் கொண்டுசேர்க்கும் வேலை தொடர் இறக்குமதி ஆகும். கிளை அலுவலகம் அனுப்பும் விற்பனைக் கணக்கு, ஆய்வகம் அனுப்பும் பரிசோதனை முடிவு, பள்ளி அனுப்பும் மதிப்பெண் பட்டியல் ஆகியவை பெரும்பாலும் எக்செல் கோப்பாகவோ சிஎஸ்வி கோப்பாகவோ வந்துசேர்கின்றன. அவற்றை ஒன்றாகத் தொகுக்கவும், தேடவும், அறிக்கை எடுக்கவும் அக்சஸ், ஃபைல்மேக்கர், லிப்ரெஓபிஸ் பேஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் பயன்படுகின்றன. விரிதாளும் தரவுத்தளமும் பெயர் பெற்ற அளவுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான பாதை பேசப்படுவதில்லை. ஆனால் தரவு காணாமல் போவது பல நேரங்களில் அந்தப் பாதையில்தான். போனது உடனே தெரிவதுமில்லை.

கட்டமும் நெடுவரிசையும்

விரிதாளில் ஒவ்வொரு கட்டமும் தனி உலகம். ஒரு கட்டத்தில் எண் இருக்கலாம், அதற்குக் கீழ்க் கட்டத்தில் தேதி இருக்கலாம், அதற்கும் கீழே "விடுமுறை" என்று எழுதியிருக்கலாம். மென்பொருள் மறுப்புச் சொல்வதில்லை. தரவுத்தள அட்டவணையில் அப்படி முடியாது. நெடுவரிசை ஒன்றை எண் என்று வரையறுத்துவிட்டால் அதிலுள்ள எல்லாப் பதிவுகளுக்கும் எண்தான். 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் எஃப். காட் முன்வைத்த உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று: ஒரு நெடுவரிசையின் மதிப்புகள் அனைத்தும் ஒரே களத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்ட ஒரு திறவு வேண்டும். விரிதாளுக்கு இந்த இரண்டு கட்டுப்பாடும் கிடையாது. எனவே இறக்குமதி என்பது வெறும் நகலெடுப்பு அன்று. கட்டத்துக்குக் கட்டம் மாறக்கூடிய ஒன்றை, நெடுவரிசைக்கு ஒரே வகை என்ற சட்டத்துக்குள் அடைக்கும் வேலை அது. அடைக்க முடியாததை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்து மென்பொருளும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தது.

டிஃப் கோப்பும் டிபேசும்

டேன் பிரிக்லின், பாப் ஃப்ராங்ஸ்டன் இருவரும் உருவாக்கிய விசிகால்க் 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதன் தாளில் 254 கிடைவரிசைகளும் 63 நெடுவரிசைகளும் இருந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், கால்பந்துப் போட்டி முடிவுகளைக் கணிப்பதற்காக வல்கன் என்ற தரவுத்தள நிரலை எழுதிக்கொண்டிருந்தார். அதுவே பின்னர் ஆஷ்டன்-டேட் நிறுவனத்தின் வழியாக டிபேஸ் 2 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டிபேஸ் 1 என்று ஒன்று விற்கப்பட்டதே இல்லை.

இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்கள். ஒன்றின் கோப்பை மற்றொன்று படிக்காது. இந்த இடைவெளிக்காக விசிகால்க்கை உருவாக்கிய சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனம் டிஃப் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தை வகுத்தது. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஆனால் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் ஒரு குறியீட்டு எண் வரும்: 0 என்றால் அடுத்து வருவது எண், 1 என்றால் எழுத்து. பெறுகிற மென்பொருள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. பின்னாளில் உலகெங்கும் பரவிய சிஎஸ்வி வடிவத்தில் இந்தக் குறிப்பு இல்லை. காற்புள்ளிகளுக்கு நடுவே இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்பதைப் படிப்பவரே முடிவுசெய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு வகையில் டிஃப் ஏற்பாடே மேலானது என்று சொல்லத் தோன்றும். ஆனால் டிஃப் கோப்பு நீளமானது, மனிதர் படிக்க ஏற்றதன்று. எளிமை வென்றது.

டிபேஸ் பக்கத்தில் இந்த வேலைக்கு "அப்பெண்ட் ஃப்ரம்" என்ற கட்டளை இருந்தது. வெளிக் கோப்பு ஒன்றிலுள்ள பதிவுகளை இருக்கும் அட்டவணையின் கடைசியில் சேர்ப்பது அதன் பணி. டிபேஸ் 3 பிளஸ் பதிப்பில் இக்கட்டளை டிஃப் கோப்பையும் லோட்டஸ் 1-2-3 கோப்பையும் நேரடியாக ஏற்றது. அட்டவணையை முதலில் வரையறுத்துவிட்டுத்தான் தரவைச் சேர்க்க முடியும் என்பதால் இன்ன நெடுவரிசை இன்ன வகை என்பதில் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஆனால் ஒரே கோப்பை இரண்டு முறை சேர்த்தால் எல்லாப் பதிவும் இரட்டிக்கும். மாதக் கணக்கை இரு முறை ஏற்றிவிட்டு விற்பனை கூடியதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து அந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

1900-ஆம் ஆண்டின் இல்லாத நாள்

மிட்ச் கேபோர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1983-ல் லோட்டஸ் 1-2-3 மென்பொருளை வெளியிட்டது. ஐபிஎம் கணினிகளில் விரிதாள் என்றாலே அதுதான் என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. தேதிகளை அது நாள் எண்ணாகச் சேமித்தது: 1900 சனவரி 1 என்றால் 1, மறுநாள் 2. இதில் ஒரு பிழை. 1900 நெட்டாண்டு அல்ல. லோட்டஸ் அதை நெட்டாண்டாக எடுத்துக்கொண்டு, நாட்காட்டியிலேயே இல்லாத பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்தது. லோட்டஸ் கோப்புகளை அப்படியே திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் எக்செல்லும் அந்தப் பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

அக்சஸ் தரவுத்தளம் வேறு வழியில் சென்றது. இல்லாத நாளை அது சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் பூச்சிய நாளை 1899 டிசம்பர் 30-க்குத் தள்ளிவைத்தது. அதனால் 1900 மார்ச் 1 முதல் இரண்டிலும் நாள் எண் ஒன்றாகவே அமைகிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் ஒரு நாள் பிசகும். மேகின்டாஷ் எக்செல்லின் பழைய பதிப்புகளோ 1904-ஐத் தொடக்கமாகக் கொண்டவை. அவற்றின் நாள் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் 1,462 நாள்கள் வேறுபடும். நான்கு ஆண்டும் ஒரு நாளும். இந்த வேறுபாட்டில் இல்லாத பிப்ரவரி 29-உம் அடங்கும். 1904 கணக்கு 1-க்குப் பதில் 0-இல் தொடங்குவதும் அதில் சேர்ந்துள்ளது.

அக்சஸ் காலம்

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் 1992 நவம்பரில் வெளிவந்தது. அதன் உள்ளே தரவைக் கையாளும் பொறிக்கு ஜெட் என்று பெயர். ஒரே நிறுவனம் விரிதாளையும் தரவுத்தளத்தையும் விற்றதால், இரண்டுக்கும் இடையிலான பாதை மென்பொருளுக்குள்ளேயே அமைந்தது. "டிரான்ஸ்ஃபர் ஸ்பிரெட்ஷீட்" என்ற மேக்ரோ செயல் இதற்கென்றே உள்ளது. கோப்பின் பெயர், அட்டவணையின் பெயர், முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளனவா என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்து ஒரு பொத்தானோடு இணைத்துவிட்டால், தரவுத்தளம் அறியாத ஊழியரும் வாராந்தர இறக்குமதியைச் செய்யலாம். அக்சஸ் 2007-ல் இறக்குமதிப் படிகளைச் சேமித்துவைத்து, அவுட்லுக் பணிக்குறிப்பு வழியாக நினைவூட்டல் பெறும் வசதியும் வந்தது.

இந்த வசதியில் ஒரு நுணுக்கம் உண்டு. குறிப்பிட்ட பெயரில் அட்டவணை இல்லாவிட்டால் அக்சஸ் புதிதாக ஒன்றை உருவாக்கும். ஏற்கெனவே இருந்தால் பதிவுகளை அதன் கடைசியில் சேர்க்கும். ஃபைல்மேக்கரின் தொடர் இறக்குமதி வசதி இதற்கு மாறானது. பழைய தரவை நீக்கிவிட்டுக் கோப்பில் இப்போது உள்ளதை மட்டும் மீண்டும் ஏற்றும். எது சரி என்பது கோப்பைப் பொறுத்தது. கிளை அலுவலகம் இந்த வார விற்பனையை மட்டும் அனுப்புகிறதென்றால் சேர்ப்பதே முறை. தொடக்கம் முதலான முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறதென்றால் சேர்ப்பது பெருங்கேடு.

இதனால் அனுபவமுள்ள நிரலாளர்களிடையே ஒரு நடைமுறை உருவானது. விரிதாளை நேராக முதன்மை அட்டவணைக்குள் விடுவதில்லை. முதலில் ஓர் இடைநிலை அட்டவணைக்குள், எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகையாகவே வைத்து ஏற்றுவார்கள். அங்கே சரிபார்த்தபின், திறவு ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் புதுப்பிக்கவும், இல்லாதவற்றைச் சேர்க்கவும் இரண்டு வினவல்களை இயக்குவார்கள். துறைமுகத்தில் இறங்கிய சரக்கு சுங்கக் கிடங்கில் தங்கிச் செல்வதைப் போன்றது இது. இதற்கும் ஒரு விலை உண்டு: இடைநிலை அட்டவணையைக் காலிசெய்தாலும் கோப்பின் அளவு தானாகக் குறையாது. வாரந்தோறும் வீங்கும் கோப்பு அக்சஸின் 2 ஜிபி எல்லையைத் தொடாமலிருக்க அவ்வப்போது அதைச் சுருக்கிச் சீரமைக்க வேண்டும்.

முதல் எட்டு வரிசைகள்

எக்செல் கோப்பை ஜெட் படிக்கும்போது ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று தானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதற்காக அது முழுத் தாளையும் படிப்பதில்லை. இயல்பிருப்பாக முதல் எட்டு வரிசைகளை மட்டும் பார்த்து, அவற்றில் பெரும்பான்மை எதுவோ அதையே நெடுவரிசையின் வகையாகக் கொள்ளும். முதல் எட்டு வீட்டு எண்களும் 12, 14, 15 என்று இருந்து, ஒன்பதாவது "16அ" என்று இருந்தால், நெடுவரிசை எண் வகை என்று தீர்மானிக்கப்படும். "16அ" இருந்த இடம் வெறுமையாகும். முதல் எட்டு வரிசைகளில் குறுகிய எழுத்துகளே இருந்தால், பின்னால் வரும் நீண்ட குறிப்புகள் 255 எழுத்துகளோடு வெட்டப்படும்.

சில வேளைகளில் அக்சஸ் இறக்குமதிப் பிழைகளுக்கென்று தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி அங்கே குறித்துவைக்கும். நிரல் வழியாகப் படிக்கும்போது அதுகூட இல்லை. மதிப்பு இருந்த இடத்தில் வெறுமை இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அந்த எட்டை மாற்றலாம். அதைத் தொட அனுமதி இல்லாத அலுவலகங்களில் வேறொரு தந்திரம் கையாளப்பட்டது: தாளின் முதல் வரிசையில் எல்லாக் கட்டங்களிலும் எழுத்துகள் கொண்ட பொய்ப் பதிவு ஒன்றை வைத்து, இறக்குமதி முடிந்ததும் அதை அழித்துவிடுவது.

ஊகிப்பதில் எக்செல்லும் சளைத்ததன்று. தொலைபேசி எண்ணின் முதல் 0-வை அது எடுத்துவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை வழக்கமான வடிவத்தில் தட்டினால் அடுக்குக்குறி எண்ணாகக் காட்டும். அந்தத் தாளை சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். மீதி இலக்கங்கள் திரும்பி வாரா. மரபணுக்களுக்கு இடப்பட்டிருந்த சில குறியீட்டுப் பெயர்கள் செப்டம்பர், மார்ச் மாதத் தேதிகளாக மாறிவிடும் சிக்கல் 2004-லேயே ஆய்விதழில் பதிவானது. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதாகக் கண்டது. முதலில் மாறியது எக்செல் அன்று. 2020-ல் மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன.

தமிழ்த் தரவின் தனிச்சிக்கல்

யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழ் அலுவலகங்களில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் வழக்கில் இருந்தன. அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்தாம். திரையில் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. விரிதாளில் எழுத்துரு கட்டத்தோடு ஒட்டியிருப்பதால் பெயர் ஒரு நெடுவரிசையில் தமிழிலும், முகவரி அடுத்ததில் ஆங்கிலத்திலும் அழகாகத் தெரியும். இறக்குமதியில் மதிப்பு மட்டுமே போகும், எழுத்துரு போகாது. அக்சஸின் தரவுத்தாளில் அட்டவணை முழுவதற்கும் ஒரே எழுத்துருதான். பாமினியைத் தேர்ந்தால் ஆங்கில நெடுவரிசை சிதையும். தேராவிட்டால் தமிழ் சிதையும்.

கண்ணுக்குத் தெரியும் இந்தச் சிதைவைவிடத் தெரியாதது மோசம். பாமினியில் "க" ஆங்கிலச் சிறிய எழுத்து ஒன்றிலும், "கு" அதே எழுத்தின் பெரிய வடிவத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஜெட் பொறியோ ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே பாமினியில் தட்டிய "கடல்", "குடல்" இரண்டும் அதற்கு ஒரே சொல். அந்த நெடுவரிசை திறவாக இருந்தால் இரண்டாவது பதிவு மறுக்கப்படும். அகரவரிசையும் கெடும்: "கேசவன்" என்ற பெயரில் முதலில் சேமிக்கப்படுவது ஏகாரக் கொம்பு என்பதால் அது ககர வரிசையில் வராது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. அக்சஸ் 2000 யூனிக்கோடை ஏற்றபின் இச்சிக்கல் புதிய கோப்புகளுக்குத் தீர்ந்தது. பழைய கோப்புகளுக்குக் குறியாக்க மாற்றி ஒன்றின் வழியாக வருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு காப்புரிமை வழக்கு

இறக்குமதி செய்யாமலே எக்செல் தாளை அக்சஸோடு இணைத்து, அக்சஸிலிருந்தே அதைத் திருத்தும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. குவாத்தமாலாவைச் சேர்ந்த கார்லோஸ் அர்மாண்டோ அமாடோ, இரண்டு மென்பொருள்களையும் இணைக்கும் முறைக்கான காப்புரிமை தன்னுடையது என்று மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தார். 2005-ல் கலிபோர்னியா நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 90 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அதன்பின் வந்த திருத்தப் பதிப்புகளில், இணைக்கப்பட்ட எக்செல் தாளை அக்சஸில் பார்க்க மட்டுமே முடியும் என்றானது. இரு வழிப் பாதை ஒரு வழிப் பாதையாகச் சுருங்கியதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

பாதை திடீரென அடைபட்டதும் உண்டு. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பின், பழைய எக்செல் கோப்புகளை ஜெட் வழியாகப் படித்த நிரல்கள் பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டன. அடுத்த மாதம் திருத்தம் வந்தது. குறைந்தபட்சம் அந்தப் பிழை வாய்விட்டுச் சொன்னது.

இங்கிலாந்து, 2020

வாய்விட்டுச் சொல்லாத இறக்குமதி என்ன செய்யும் என்பதற்குக் கொரோனா காலம் சான்று தந்தது. இங்கிலாந்தில் தனியார் ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அவற்றை எக்செல் வார்ப்புருக்களில் ஏற்றி, அங்கிருந்து மைய அமைப்புக்கு அனுப்பிவந்தது. அந்த வார்ப்புருக்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் பல வரிசைகள் பிடித்ததால், ஒரு வார்ப்புருவில் ஏறத்தாழ 1,400 நோயாளிகளுக்கே இடமிருந்தது. தொற்று கூடியபோது மீதி வரிசைகள் வெளியே நின்றன.

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. நோயாளிகளுக்குத் தங்கள் முடிவு தெரியும். ஆனால் தொடர்பிலிருந்தவர்களைத் தேடும் பிரிவுக்கு அப்பெயர்கள் போகவில்லை. எனவே அவர்களோடு இருந்தவர்களுக்கு எச்சரிக்கை தாமதமாயிற்று. விடுபட்டவை சேர்க்கப்பட்டதும் அக்டோபர் 4-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 22,961 ஆக ஏறியது. உடனடித் தீர்வாகக் கோப்புகள் சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. வார்விக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்சர், அவருடன் ஆய்வுசெய்த தாமஸ் கிரேபர் இருவரும் பகுதிவாரியாகத் தரவை ஒப்பிட்டு, இந்தத் தாமதத்தோடு தொடர்புடைய கூடுதல் தொற்றுகள் ஒரு லட்சத்துக்கும் மேல், இறப்புகள் 1,500-க்கும் மேல் என்று மதிப்பிட்டனர்.

எக்செல் தாளின் எல்லை 10,48,576 வரிசைகளாக உயர்த்தப்பட்டது 2007-ல், அதாவது அந்த நிகழ்வுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன். எக்செல்லின் சேமிப்பு வடிவங்களின் பட்டியலில் 97-2003 வடிவம் அதன்பின்னும் நீடிக்கிறது.